கிடந்து கெட்ட எஞ்சின்



மட்டாஞ்சேரிக்குப் போனவர்கள் டச்சு அரண்மனையைப் பார்த்திருப்பீர்கள், 1568இல் கட்டிய பரதேசி யூத ஜெபாலயத்தைப் பார்த்திருப்பீர்கள். யூதத் தெருவில் பழைய கப்பல் விளக்குகளைத் துடைத்துவைத்து விலை சொல்வார்கள். இன்று நான் பேசப்போவது, எவ்வளவு துடைத்தாலும் பளபளக்காத ஒரு பொருளைப் பற்றி. பட்டாளமும் கடற்படையும் கழித்துவிட்ட டீசல் ஜெனரேட்டர். அதை மறுபடி ஓடவைக்கும் வேலையை ஒரு கலை என்றே நான் மதிக்கிறேன்.

மட்டாஞ்சேரிக் கரையில் நின்றால் எதிரே வெலிங்டன் தீவு. துறைமுகத்துக்காகக் காயலைத் தோண்டிய மண்ணைக் கொட்டி, பிரிஸ்டோ என்ற ஆங்கிலேயப் பொறியாளர் உருவாக்கியது. கடற்படையின் தென்பிராந்தியத் தலைமையகமும் கொச்சியில்தான். படை இருக்கிற ஊரில் பழையது கழிவதும் இருக்கும். அரசு கழிக்கிற சரக்கு எம்.எஸ்.டி.சி. போன்ற பொதுத்துறை நிறுவனத்தின் இணைய ஏலத்தில் லாட் லாட்டாகப் போகும். ஏலம் எடுப்பவர் இரும்பு எத்தனை கிலோ, செம்பு எத்தனை கிலோ என்றுதான் மனக்கணக்குப் போடுவார். நாம் காயலாங்கடை என்பதை மலையாளத்தில் ஆக்ரிக்கடை என்பார்கள். அந்தக் கடை வாசலில் சரக்கு இறங்குவதற்கும், வைண்டிங்கை அறுத்துச் செம்பை உருவுவதற்கும் நடுவே ஒருவர் வந்து "இது ஓடும்" என்று சொல்லவேண்டும். அவருடைய வேலையைத்தான் சொல்ல வந்தேன்.

நான் பார்த்தவர் அறுபதைத் தாண்டிய ஒரு இக்கா, அதாவது அண்ணன். மீன்பிடிப் படகு எஞ்சின்களில் கை பழகியவர். பச்சைச் சாயம் உரிந்த ஒரு செட்டை இரண்டு தரம் சுற்றி வந்தார். மணி மீட்டரைப் பார்த்தேன், ரொம்பக் குறைவாகத்தான் ஓடியிருந்தது. "அப்ப நல்ல மெஷின்தானே இக்கா?" என்றேன். "ஓடித் தேஞ்சதல்ல சாரே, கிடந்து கெட்டதாக்கும்" என்றார்.

இந்தக் கலையின் சூட்சுமம் எனக்கு அங்கேதான் பிடிபட்டது. ஓடித் தேய்ந்த எஞ்சினின் நோய் தெரிந்த இடத்தில் இருக்கும்: ரிங், லைனர், பேரிங். படையின் ஜெனரேட்டரோ ஆபத்துக்கென்று காத்திருப்பது. எப்போதாவது சோதனைக்குக் கொஞ்ச நேரம், அதுவும் லோடு இல்லாமல், ஓட்டி நிறுத்துவார்கள். மற்ற நாளெல்லாம் சும்மா நிற்கும். சும்மா நின்றதன் நோய் எங்கே என்று சொல்லமுடியாது. ரப்பர் குழாய் வெடித்திருக்கும். டேங்கில் வியர்த்த தண்ணீரும் டீசலும் சேருமிடத்தில் நுண்ணுயிர் வளர்ந்து கருஞ்சளி மாதிரி அடியில் கிடக்கும். காற்றுக் குழாயில் குளவி கூடு கட்டியிருக்கும். கொச்சியின் உப்புக் காற்றில் ரிங்குகள் துருப்பிடித்து லைனரோடு ஒட்டியிருக்கும்.

அதனால் இக்கா செல்ஃப் பட்டனைத் தொடவே இல்லை. முதலில் ஆயில் குச்சியை உருவினார். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் இறங்கிவிட்டது என்று அர்த்தம். பிறகு நாசில்களைக் கழற்றி, சிலிண்டருக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஒரு ராத்திரி ஊறவிட்டார். மறுநாள் ஸ்பேனர் போட்டுக் கையாலேயே இரண்டு முழுச் சுற்று. அவசரக்காரர்கள் எடுத்தவுடன் பேட்டரியை மாட்டிச் சுழற்றி, ஒட்டிய ரிங்கை உடைத்துவிட்டுக் கையைப் பிசைவார்கள்.

அடுத்தது ஏர் எடுப்பது. பெட்ரோல் எஞ்சினுக்கு இருக்கிற தீப்பொறி டீசலுக்குக் கிடையாது. காற்றை இறுக்கி அமுக்கினால் வரும் சூட்டிலேயே டீசல் பற்றவேண்டும். அந்தச் சூட்டுக்குள் டீசல் பெரும் அழுத்தத்தில் பீய்ச்சியடிக்கவேண்டும். குழாயில் ஒரு குமிழி காற்று இருந்தாலும் பம்பின் அழுத்தத்தை அது வாங்கிக்கொண்டு சுருங்கிவிடும், நாசில் திறக்காது. திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அமுக்கி, நுரை நின்று சுத்த டீசல் வழியும்வரை பொறுக்கவேண்டும். எஞ்சின் பிடித்த பிறகு புகையைப் படிக்கலாம். கறுப்பு என்றால் காற்று போதவில்லை, அல்லது டீசல் அதிகம். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளை என்றால் பெரும்பாலும் டீசல் எரியாமலே வெளியேறுகிறது.

எஞ்சின் ஓடுகிறது, மின்சாரம் வரவில்லை. கிடந்து கெட்டதில் இது அடிக்கடி நடக்கும். பால் தயிராக ஒரு சொட்டுப் பழைய மோர் வேண்டும் அல்லவா? ஜெனரேட்டருக்கும் அப்படி ஓர் உறைமோர் உண்டு: முன்பு ஓடியபோது இரும்பில் மிச்சம் நின்ற காந்தம். பல செட்டுகள் அதைக் கொண்டுதான் மின்சாரத்தைத் தொடங்குகின்றன. வருஷக்கணக்கில் கிடந்தால் அது மங்கிவிடும். இக்கா, வோல்ட்டைச் சீராக வைக்கிற ஏ.வி.ஆர். கருவியின் கம்பியைக் கழற்றிவிட்டு, பிளஸ் மைனஸ் பார்த்து, பன்னிரண்டு வோல்ட் பேட்டரியை ஃபீல்டு வைண்டிங்கில் ஓரிரு விநாடி தொட்டு எடுத்தார். உறை விழுந்துவிட்டது. இதைத் தெரியாதவர்கள் நல்ல ரோட்டரைச் செம்பு விலைக்குப் போட்டிருக்கிறார்கள்.

நீங்கள் வானொலி கேட்பவர்கள் என்பதால் இன்னொன்று. படையில் ஜெனரேட்டருக்குப் பக்கத்திலேயே வயர்லெஸ் ரேடியோ இயங்கும். அதில் இரைச்சல் வரக்கூடாது என்று அந்தச் செட்டுகளில் கெப்பாசிட்டர்களைத் தாராளமாக வைத்திருப்பார்கள். வயதான கெப்பாசிட்டர் கசிந்தால் வைண்டிங்கே எர்த் ஆனதுபோலக் காட்டும். அதனால் காப்புத் தடையை அளக்கிற மெக்கர் வைப்பதற்கு முன் அவற்றையும் ஏ.வி.ஆரையும் பிரித்துவிடவேண்டும். கேரளத்தின் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் முங்கிய மெஷின்களுக்கும் இதே மெக்கர்தான் தீர்ப்பு சொன்னது. சேற்றைக் கழுவி, விளக்குச் சூட்டில் நாள்கணக்கில் உலர்த்தி, காப்புத் தடை ஏறுகிறதா என்று பார்க்கவேண்டும்.

கப்பலிலிருந்து வருவது வேறு ஜாதி. கப்பல்களில் 440 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் பரவலான வழக்கம். நம் கரையில் 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். நிமிடத்துக்கு 1800 சுற்று ஓடுவதை 1500க்கு இறக்கினால் ஹெர்ட்ஸ் சரியாகும், வோல்ட்டும் அதே விகிதத்தில் 367க்குப் போய்விடும். ஏ.வி.ஆரைத் திருகி 415க்கு ஏற்றலாம். ஆனால் இரும்பு சுமக்கிற காந்தம் எட்டில் ஒரு பங்குக்கு மேல் கூடி ஃபீல்டு சூடாகும். எஞ்சின் தரும் சக்தியும் ஆறில் ஒரு பங்காவது குறையும். விற்கிறவர் பழைய தகட்டைக் காட்டிப் பழைய கிலோவாட்டுக்கே விலை சொல்வார், வாங்குகிறவர் தகட்டை மட்டும் நம்பக்கூடாது.

எனக்கு உடன்பாடில்லாத ஒரு கைவேலையையும் சொல்லவேண்டும். ஆயில் அழுத்தம் குறைந்தால் தானாக நிறுத்துகிற சுவிட்ச் பழையதில் அடிக்கடி தொல்லை தரும். சிலர் அதை நிரந்தரமாகச் செயலிழக்க வைத்துவிடுகிறார்கள். திருவிழாப் பந்தலில் பாட்டு நிற்காது, சரிதான். ஒருநாள் ஆயில் தீர்ந்து கிராங்க் பிடித்தபிறகுதான் தெரியும். இக்காவும் சோதனைக்கு அதைக் கழற்றினார். கழற்றியதும் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினார், மறந்துவிடக்கூடாதென்று.

கடைசியில் லோடு. ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் உப்புத் தண்ணீர், அதற்குள் கம்பி மாட்டிய இரும்புத் தகடுகள். தகடு இறங்க இறங்கச் சுமை ஏறும். உயிரைக் குடிக்கிற வித்தை, வீட்டில் யாரும் செய்துபார்க்காதீர்கள். அவர் சுற்றிலும் கயிறு கட்டி, ஆளைத் தள்ளி நிறுத்திவிட்டுத்தான் தகட்டை இறக்கினார். லோடு ஏறியதும் சைலன்சர் வாயில் கறுப்பு எண்ணெய் துப்பியது, வருஷக்கணக்காகச் சுமையில்லாமல் ஓடியதன் கசடு. மத்தியானத்துக்கு மேல் டிரம்மில் ஆவி கிளம்பியது. சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்து பீடி பற்றவைத்த இக்கா, சைலன்சரைப் பார்க்கச் சொன்னார். புகையே தெரியவில்லை.