பனிமலையில் கால் ஊன்றக் கற்பது
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



1997-ஆம் ஆண்டு மே 23-ஆம் நாள் எவரெஸ்ட் உச்சியை முதன்முதலில் அடைந்த மலேசியர்கள் இரண்டு தமிழர்கள், மகேந்திரன், மோகனதாஸ். இதை நம் பிள்ளைகள் புதிர்ப்போட்டியில் டக்கென்று சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்தப் பனிக்கட்டியில் வழுக்காமல் எப்படி ஏறினார்கள் என்று கேட்டால் முழிப்பார்கள். பாவம், ஐஸ் கச்சாங்கில் பார்த்ததைத் தவிர வேறு ஐஸ் அவர்களுக்கு ஏது? அதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

உடம்பில் தெம்பு இருந்தால் ஏறிவிடலாம் என்று நினைக்கிறோம். தெம்பு வேண்டும்தான். ஆனால் செங்குத்தான பனிக்கட்டியில் வெறும் தெம்பு ஐந்து நிமிடம்கூடத் தாங்காது. பழைய காலத்தில் கோடரியால் ஒவ்வொரு படியாக வெட்டி வெட்டித்தான் ஏறினார்கள். 1908-இல் எக்கன்ஸ்டைன் என்ற ஆங்கிலேயர் காலணிக்கு அடியில் கட்டிக்கொள்ளும் பத்து முள் கொண்ட இரும்புச் சட்டத்தை வடிவமைத்தார். 1929-இல் இத்தாலியில் கிரிவெல் என்பவர் முன்பக்கம் நீட்டியபடி மேலும் இரண்டு முள் சேர்த்தார். அந்த இரண்டு முள்ளால் படி வெட்டாமலே ஏற முடிந்தது. இதற்குக் கிராம்பான் என்று பெயர்.

புதிதாக ஏறுகிறவர் பயத்தில் குதிகாலைத் தூக்குவார். தூக்கினால் முன்முள் பிடி விட்டுப்போகும். குதிகால் தாழ்ந்தே இருக்க வேண்டும். கோடரியையும் ஆவேசமாகப் போட்டு அடிப்பார். ஐஸ் சில்லுச் சில்லாக உடைந்து முகத்தில் விழும். மணிக்கட்டைச் சொடுக்கி ஒரே வெட்டு, அது பிடித்துவிட்டால் அதோடு விட வேண்டும். பால்மரம் வெட்டிய பெரியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. கத்தி ஆழமாகப் போனால் மரம் காயப்படும், மேலாகப் போனால் பால் வராது. அது கைக்குத்தான் தெரியும், வாயால் சொல்ல வராது.

முதல் பாடம் ஏறுவதாக இருக்காது, பெரும்பாலும் விழுவதாகத்தான் இருக்கும்! கீழே பாறையோ பள்ளமோ இல்லாத பனிச்சரிவாகப் பார்த்து, வேண்டுமென்றே சறுக்கச் சொல்வார்கள். சறுக்கும்போதே குப்புறப் புரண்டு, கோடரியின் தலையைத் தோளருகே பிடித்து, அதன் அலகைப் பனியில் அழுத்தி, உடம்பின் பாரத்தை அதன்மேல் போட வேண்டும். காலில் முள் கட்டியிருந்தால் பாதத்தைத் தூக்கிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் முள் மாட்டி ஆளையே குட்டிக்கரணம் அடிக்க வைத்துவிடும். தலைகீழாக, மல்லாக்க என்று எப்படி விழுந்தாலும் நிறுத்தத் தெரிய வேண்டும். யோசித்துச் செய்ய நேரம் கிடையாது, வேகம் பிடித்துவிட்டால் நிறுத்தவும் முடியாது. அதனால்தான் திரும்பத் திரும்ப விழச் சொல்கிறார்கள்.

தோட்டத்தில் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழும். "நான் எத்தனை வருசமா செய்றேன், எனக்கு வந்து சொல்லித் தரணுமா?" மருந்தடிக்கப் போகிறவரிடம் கையுறை போடச் சொன்னாலும் இதே பதில்தான். டென்சிங்கைப் பாருங்கள். 1935-இல் எவரெஸ்டுக்குச் சுமை தூக்கப் போனவர், 1953-இல் ஹிலாரியுடன் அதன் உச்சியில் நின்றார். உலகமே கொண்டாடியது. அடுத்த ஆண்டே அவர் சுவிட்சர்லாந்துக்குப் போய், வேறு சில ஷெர்பாக்களோடு ஒரு மலையேற்றப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். எதற்கு? அந்த ஆண்டு டார்ஜிலிங்கில் தொடங்கிய மலையேற்றப் பயிற்சி நிலையத்தில் பிறருக்குக் கற்றுக்கொடுக்க. ஏறத் தெரிவது வேறு, கற்றுக்கொடுக்கத் தெரிவது வேறு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்குச் சிகரத்தைவிட இதுதான் பெரிதாகப் படுகிறது.

ஆனாலும் பின்னாளில்கூட ஷெர்பா தொழிலாளர் பலர் முறையான பயிற்சி இல்லாமல்தான் வெளிநாட்டாரின் சுமையைத் தூக்கிக்கொண்டு ஐஸில் ஏறினார்கள். கட்ட வேண்டிய கயிற்றைச் சரியாகக் கட்டாமல் உயிர் விட்டவர்களும் உண்டு. 2003-இல் நேப்பாளத்தில் போர்ட்சே என்ற கிராமத்தில் இவர்களுக்கென்றே ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. வெளிநாட்டவர் வராத குளிர்காலத்தில், உறைந்துபோன நீர்வீழ்ச்சிகளில் பாடம். கயிறு, முடிச்சு, முதலுதவி எல்லாம் உண்டு. அங்கே கற்றவர்களே இப்போது ஆசிரியர்களாகவும் இருக்கிறார்கள். பயிற்சி எல்லாவற்றையும் தடுத்துவிடாது. 2014 ஏப்ரல் 18-இல் கும்பு பனியருவியில் சரிந்த பனி 16 நேப்பாளத் தொழிலாளர்களைக் கொன்றது. அதன்முன் எந்த முடிச்சும் நிற்காது. ஆனால் முடிச்சால் பிழைக்கக்கூடியவர் முடிச்சுத் தெரியாமல் சாகக் கூடாதல்லவா?

அந்த முடிச்சில் ஒன்றின் பெயர் புரூசிக். மெல்லிய கயிற்றை வளையமாக்கி, தடித்த கயிற்றில் மூன்று சுற்றுச் சுற்றுவது. பாரம் ஏறினால் இறுகிப் பிடிக்கும், பாரம் எடுத்தால் நகரும். பனிப்பிளவில் விழுந்தவர் இப்படி இரண்டு முடிச்சுப் போட்டு, கயிற்றிலேயே மேலே ஏறி வரலாம். திங்கட்கிழமை பள்ளி முடிந்ததும் திடலில் இதைப் போட்டுக் காட்டுகிறேன். மாணவர்கள் ஆளுக்கு ஒரு முழம் கயிறு கொண்டு வாருங்கள். தகப்பன்மார்களும் வரலாம், தாய்மார்களும் வரலாம்.