திருடனுக்கு எல்லை இல்லை, சட்டத்துக்கு உண்டு



உங்க போனுக்கு ஒரு கால் வருது. பேசி முடிப்பதற்குள் கணக்கில் இருந்த பணம் போயிடுது. பேசினவர் ஒரு நாட்டில் இருக்கார், அவர் பயன்படுத்தின சர்வர் வேறொரு நாட்டில், பணம் போய்ச் சேர்ந்தது மூணாவது நாட்டில். இப்போ எந்த நாட்டுப் போலீஸ் அவரைப் பிடிக்கும்?

2000-ஆம் ஆண்டு மே மாதம் 'ஐ லவ் யூ' என்ற வைரஸ் மின்னஞ்சல் வழியாக உலகம் முழுக்கப் பரவியது. லட்சக்கணக்கான கணினிகள் பாதிக்கப்பட்டன. அனுப்பியவர் பிலிப்பைன்ஸில் இருப்பது தெரிந்தும் தண்டிக்க முடியவில்லை. ஏன்னா, அதைக் குற்றம் என்று சொல்லும் சட்டம் அன்று அங்கே இல்லை. அடுத்த மாதமே சட்டம் வந்தது. ஆனால் முன்பு நடந்த செயலுக்கு அது பொருந்தாது.

2001-இல் புடாபெஸ்ட் உடன்படிக்கை உருவானது. இந்தியா, சீனா, ரஷ்யா அதில் சேரவில்லை. விதிகளை எழுதும்போது தங்களைக் கலந்து பேசவில்லை என்பது பல நாடுகளின் குறை. பிறகு ஐ.நா. பொதுச்சபை 2024 டிசம்பர் 24 அன்று ஒரு புதிய உடன்படிக்கையை ஏற்றது. 2025 அக்டோபரில் ஹனோயில் கையெழுத்து தொடங்கியது. ஆனால் 40 நாடுகள் முறைப்படி ஏற்றால்தான் அது நடைமுறைக்கு வரும்.

இதில் என்ன சிக்கல்? ஒரு நாட்டில் குற்றமாக இருப்பது, இன்னொரு நாட்டில் வெறும் கருத்தாக இருக்கலாம். குற்றவாளியைப் பிடிக்கத் தரும் தகவல், அரசை விமர்சிப்பவரைக் கண்காணிக்கவும் பயன்படலாம். இந்த அச்சத்தை மனித உரிமை அமைப்புகள் வெளிப்படையாகவே சொன்னார்கள்.

நம்ம தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு, இந்தியாவில் உள்ள கணினியைத் தாக்கினால் வெளிநாட்டில் இருப்பவருக்கும் பொருந்தும். ஆனால் அவரைக் கொண்டுவர அந்த நாடு ஒத்துழைக்கணும். ஆதாரம் கேட்டு அனுப்பும் கடிதத்துக்குப் பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம். பணம் நிமிஷத்தில் கைமாறிடும்.

அதனால்தான் சொல்றேன், பணம் நாட்டைத் தாண்டுவதற்குள் நீங்க முந்திக்கணும். ஏமாந்தது தெரிந்த உடனே 1930-க்கு கூப்பிடுங்க. பணம் இன்னும் இங்குள்ள வங்கிக் கணக்கில் இருந்தால் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு. பரிவர்த்தனை எண்ணைக் குறித்து வைங்க. குறுஞ்செய்தி, வாட்ஸ்அப் உரையாடல் எதையும் அழிக்காதீங்க, அதுதான் ஆதாரம். 'டிஜிட்டல் கைது' என்று யாராவது மிரட்டினால் இணைப்பைத் துண்டிச்சிடுங்க. நம் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது.

ஏமாந்தோமே என்று வெட்கப்பட்டு யாரும் சும்மா இருந்துடாதீங்க.