கிறிஸ்தவ ஆசிரியரும் கல்வித் தத்துவமும்



நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், கிறிஸ்தவ ஆசிரியருக்கு விசுவாசத்தில் வேரூன்றிய கல்வித் தத்துவம் ஏன் வேண்டும் என்பது பற்றிப் பேசப் பணிக்கப்பட்டுள்ளோம். தத்துவம் என்றவுடன், அது அறிஞர்களுக்குரியது, கரும்பலகையின் முன் நிற்பவருக்கு அதனால் ஆவதென்ன என்று சிலர் எண்ணக்கூடும். கரும்பலகையின் முன் நிற்பவருக்கே அது முதலில் வேண்டும் என்பது நம் கருத்து.

கல்வித் தத்துவம் என்பது மூன்று வினாக்களுக்கு நாம் தரும் விடையாகும். நம் எதிரே அமர்ந்திருக்கும் இப்பிள்ளை யார்? இப்பிள்ளைக்குக் கல்வி எதற்காக? எதைக் கண்டால் நம் பணி நிறைவேறியது என்போம்? இவற்றை ஒருநாளும் எண்ணிப் பாராத ஆசிரியரிடமும் விடை இருக்கவே செய்கிறது. யாரை முன்வரிசையில் அமர்த்துகிறார், யாரிடம் கேள்வி கேட்கிறார், யாரைத் துடைப்பம் எடுக்கச் சொல்கிறார் என்பவற்றில் அவ்விடை வெளிப்பட்டுவிடுகிறது. தாமே எண்ணித் தெளியாதவருக்கு ஊர் விடை எழுதிக் கொடுத்துவிடுகிறது. ஊர் கொடுக்கும் விடை நாம் அறிந்ததே. பிள்ளை யார்? இன்ன தெருவினன். கல்வி எதற்கு? உத்தியோகத்திற்கு. வெற்றி எது? மதிப்பெண். ஞாயிறன்று ஆலயத்தில் ஒரு விடையும் திங்களன்று வகுப்பறையில் வேறொரு விடையுமாக வாழும் ஆசிரியர்கள் நம்மிடையே இல்லாமலில்லை.

இதனை நம் தலைவர் அண்ணல் அம்பேத்கர் நன்கு உணர்ந்திருந்தார். அவர் 1945-ஆம் ஆண்டில் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். மறு ஆண்டு பம்பாயில் தொடங்கிய கல்லூரிக்குச் சித்தார்த்தரின் பெயரைச் சூட்டினார். பின்னர் அவுரங்காபாத்தில் எழுந்த கல்லூரிக்கு மிலிந்தரின் பெயர் அமைந்தது. மிலிந்தர் பௌத்தத் துறவி நாகசேனரிடம் அச்சமின்றி வினா எழுப்பிய மன்னர். அண்ணல் பௌத்தம் தழுவியது 1956-ஆம் ஆண்டில். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னரே, எத்தகைய மனிதரை உருவாக்க விரும்பினார் என்பதைக் கல்லூரியின் பெயரிலேயே அறிவித்துவிட்டார். அவர் வழி வேறு, நம் வழி வேறாயினும், கல்வி நிலையத்திற்கு ஓர் உயிர்க்கொள்கை வேண்டும் என்ற பாடம் நமக்கும் உரியது.

கிறிஸ்தவ மரபிலும் இதற்குச் சான்று உண்டு. மொராவியாவில் 1592-ஆம் ஆண்டில் பிறந்த கொமேனியஸ் என்னும் பேராயர், போரினால் நாடிழந்து வாழ்நாளில் பெரும்பகுதியை அந்நிய மண்ணில் கழித்தவர். கற்பிக்கும் கலை பற்றிய அவருடைய பெருநூல் 1657-ஆம் ஆண்டில் லத்தீன் மொழியில் வெளிவந்தது. செல்வர் வறியவர், ஆண் பெண் என்ற வேறுபாடின்றி அனைவருக்கும் கல்வி வேண்டும் என்று அதில் வாதாடினார். மனிதர் அனைவரும் இறைவனின் சாயலாகப் படைக்கப்பட்டவர் என்ற விசுவாசமே அவ்வாதத்தின் அடித்தளம். மந்தபுத்தியுள்ள பிள்ளையை ஒதுக்குவது முறையன்று, அதற்கே உதவி அதிகம் தேவை என்றும் அவர் எழுதினார். மறு ஆண்டில் சிறுவர்களுக்கெனப் படங்கள் நிறைந்த பாடநூலை வெளியிட்டார். விசுவாசத்திலிருந்து தத்துவம் பிறந்தது. தத்துவத்திலிருந்து பாடநூல் பிறந்தது. வரிசை இவ்வாறு அமைவதே இயல்பு.

நம் நாட்டிற்கு வருவோம். சீகன்பால்கு 1706-ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். கற்பிக்க வந்தவர், சிறுவர்களோடு அமர்ந்து மணலில் விரல் பதித்துத் தமிழ் எழுத்துகளைக் கற்றார். அடுத்த ஆண்டிலேயே பள்ளிகள் தொடங்கின. அந்நாள் முதல் மிஷன் பள்ளிகளால் நம் மக்கள் பெற்ற நன்மையை நாம் மறக்கலாகாது. ஏடு தொடக்கூடாது என்று தடுக்கப்பட்ட கைகளில் அவை புத்தகத்தைக் கொடுத்தன.

ஆயினும் உண்மையின் மறுபக்கத்தையும் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். சபைக்குள் சாதி தொடர்ந்தது. கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் 1833-ஆம் ஆண்டில், சபைகளில் சாதி வேற்றுமையை அறவே ஒழிக்க வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தபோது, தஞ்சையில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில், சாதிக்கொரு பக்கமாகப் பிரிந்து அமர்வதற்கென்றே ஆலயம் கட்டப்பட்டது. அப்பிரிவினைச் சுவர் இடிக்கப்பட்டது 1910-ஆம் ஆண்டில்தான். ஆலயத்திற்குள்ளேயே சுவர் எழுப்ப முடிந்தவர்களுக்கு வகுப்பறையில் சுவர் எழுப்புவது கடினமா? விசுவாசம் கல்வித் தத்துவமாக உருப்பெறாதபோது, கட்டடம் மிஷனுடையதாகவும் உள்ளிருக்கும் வழக்கம் ஊருடையதாகவும் ஆகிவிடுகிறது. சரித்திரம் நமக்குத் தரும் எச்சரிக்கை இதுவே.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று அமைதி கொள்ளவும் இயலாது. அரசியலமைப்பின் 30-ஆவது பிரிவு, சிறுபான்மையினர் கல்வி நிலையங்களை நிறுவி நடத்தும் உரிமையை அளிக்கிறது. அரசு உதவி பெறும் நிலையத்தில் சாதியின் பெயரால் சேர்க்கை மறுக்கலாகாது என்று 29-ஆவது பிரிவு கூறுகிறது. ஆனால், தனியார் கல்வி நிலையங்களிலும் இடஒதுக்கீட்டுக்கு வழி திறந்த 2005-ஆம் ஆண்டின் 93-ஆவது திருத்தம், சிறுபான்மையினர் நிலையங்களுக்கு விலக்களித்தது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அவர்களுடைய பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014-ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. உரிமை பெரிது, கட்டாயம் சிறிது. சட்டம் கதவைத் தட்டாத இடத்தில் யார் தட்டுவது? ஆசிரியரின், நிர்வாகியின் விசுவாசமே தட்ட வேண்டும்.

நம் பிள்ளைகளின் நிலையை எண்ணிப் பாருங்கள். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, இந்துக்களை மட்டுமே அட்டவணைச் சாதியினராக ஏற்றது. சீக்கியர் 1956-இலும் பௌத்தர் 1990-இலும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் அட்டவணைச் சாதியிலிருந்து கிறிஸ்தவரானோர் பிற்படுத்தப்பட்டோராகவே கணக்கிடப்படுகின்றனர். ஆலயத்திற்குச் செல்கிறாய், ஆகவே நீ தாழ்த்தப்பட்டவன் அல்லன் என்கிறது ஆணை. ஆலயத்திற்கு வந்தாலும் நீ இன்ன தெருவினன்தானே என்கிறது ஊர். இவ்விரண்டிற்கும் இடையில் நசுங்கும் பிள்ளைக்கு, நீ யார் என்பதை உள்ளபடி சொல்லக்கூடிய மனிதர் ஒருவராவது வேண்டும். அவர் அதன் ஆசிரியராக இருக்க வேண்டும்.

இனி ஓர் ஐயத்தை அகற்றுவோம். விசுவாசத்தின் அடிப்படையில் கற்பித்தல் என்றால் வகுப்பறையைப் பிரசங்க மேடையாக்குதல் என்று பொருள்படாது. அரசுப் பள்ளியில் சமய போதனை கூடாது என்பதும், அரசு உதவி பெறும் பள்ளியில் எவரையும் விருப்பமின்றி அதற்கு உட்படுத்தலாகாது என்பதும் அரசியலமைப்பின் 28-ஆவது பிரிவு. அதனை நாம் மனமார மதிக்கிறோம். கணக்குப் பாடத்தில் கிறிஸ்துவின் பெயரை ஒருமுறைகூட உச்சரிக்காமல், ஒவ்வொரு பிள்ளையையும் கிறிஸ்து நோக்கியவாறு நோக்க இயலும். சீடர்கள் தங்களுள் யார் பெரியவன் என்று வாதாடியபோது, அவர் ஒரு குழந்தையை அழைத்து நடுவில் நிறுத்தினார். அக்குழந்தையின் குலத்தைச் சுவிசேஷம் குறிப்பிடவில்லை.

இத்தத்துவம் நாள்தோறும் எவ்வாறு செயற்படும்? பிள்ளையை அதன் பெயர் சொல்லி அழைப்பதில் தொடங்கும். வகுப்பைப் பெருக்குவதும் தண்ணீர் கொண்டுவருவதும் எல்லாப் பிள்ளைகளுக்கும் முறைவைத்து வரும். நூறு ஆடுகளுள் ஒன்றைத் தேடிச் சென்ற மேய்ப்பனைப் போல், பின்தங்கிய பிள்ளைக்கு மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கப்படும். தேர்ச்சி விழுக்காடு குறையும் என்று அஞ்சி, அப்பிள்ளையை மாற்றுச் சான்றிதழ் கொடுத்து வெளியேற்றும் வழக்கம் ஒழியும். ஆதிக்கச் சாதிப் பிள்ளைக்கும் இத்தத்துவம் தேவை. உயர்ந்தவன் என்ற பொய்யிலிருந்து அவனும் விடுதலை பெற வேண்டும்.

இவை வெறும் சொற்கள் அல்ல. 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நாங்குநேரியில், நம் இனத்து மாணவர் ஒருவர் உடன் பயின்றவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்டார். தடுக்க முயன்ற தங்கையும் வெட்டுண்டார். அதன்பின் அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூன் மாதத்தில் அறிக்கை அளித்தது. மாணவர் சாதிக் கயிறு கட்டுவதைத் தடுக்கவும், பள்ளிப் பெயர்களிலிருந்து சாதிப் பெயர்களை நீக்கவும் அது பரிந்துரைத்தது. மணிக்கட்டிலுள்ள கயிற்றை ஆணையால் அவிழ்க்கலாம். மனத்திலுள்ள கயிற்றை அவிழ்க்கவல்லவர் ஆசிரியர். தம் மனத்தில் அதைக் கட்டிக்கொண்டிருப்பவரால் பிறர் மனத்தில் அவிழ்க்க இயலாது.

ஆசிரியப் பணிக்குச் செல்லவிருக்கும் இளைஞர்களே! பட்டத்தோடும் பயிற்சிச் சான்றிதழோடும், அம்மூன்று வினாக்களுக்கு உங்கள் விசுவாசம் தரும் விடையையும் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே பணியிலுள்ள பெருமக்களே! மாதம் ஒருமுறை கூடி, நம் வகுப்பறைகளில் யார் பேசுகிறார், யார் பேசாதிருக்கிறார் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளுங்கள். கிறிஸ்தவரல்லாத நம் சகோதர ஆசிரியர்களும் தத்தம் அறநெறியிலிருந்து இதே கேள்விகளுக்கு விடை காண அழைக்கிறோம். எல்லா விடைகளும் ஒரே பிள்ளையின் நன்மையில் சந்திக்கட்டும். நம் சங்கம் பொன் விழாக் காணும் நாளில், மேடையில் நின்று பேசுவோருள் ஒருவர், இன்று ஏதோ ஒரு வகுப்பின் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவராக இருக்கட்டும்.