வக்கீல் பீஸும் வக்காலத்தும்
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

நம் குலத்து இளைஞர் பலர் வக்கீல்களாக வெளிவருகின்றனர். அவர்களிடம் முதன்முதல் வழக்குக் கட்டைக் கொண்டு வருவோர் பெரும்பாலும் உற்றார் உறவினரே. உறவில் பீஸ் பேசுவது அழகன்று என்று இருதிறத்தாரும் வாளாவிருப்பர். வழக்கு முடிந்தபின், "உம்மை நானா அமர்த்தினேன்? என் மாமனல்லவோ அழைத்து வந்தார்!" என்னும் சொல் பிறக்கும். அச்சொல்லுக்குக் கோர்ட்டில் எவ்வளவு வலிமை உண்டு என்பதையே இன்று ஆராயக் கருதுகிறேன்.

வக்கீல் பீஸுக்காக வழக்கிடலாமா என்பதே ஒரு காலத்தில் ஐயமாயிருந்தது. பாரிஸ்டர் பெறும் பொருள் கூலியன்று, காணிக்கை போன்றதே என்னும் கொள்கையால், அவர் அதற்காக வழக்கிட இயலாதென இங்கிலாந்தில் 1863இல் தீர்ப்பாயிற்று. நம் நாட்டிலோ 1926ஆம் ஆண்டின் வக்கீல் பீஸ் சட்டம் அவ்வுரிமையை வழங்கிற்று. பேசிய தொகைக்கு வழக்கிடலாம். தொகை பேசப்படாவிடின், கோர்ட்டுச் செலவில் வக்கீல் பீஸைக் கணக்கிடும் விதிப்படி பெறலாம். அவ்விதிப்படி வருவது பெரும்பாலும் சொற்பமே என்பதை இளைஞர்கள் மறவாதிருப்பாராக.

உரிமை உண்டாயினும், அமர்த்தப்பட்டதை மெய்ப்பிக்கும் பாரம் வழக்கிடுபவரையே சாரும். அதற்குத் தலையாய சான்று வக்காலத்து நாமா. 1908ஆம் ஆண்டின் சிவில் நடைமுறைச் சட்டப்படி அது கட்சிக்காரரேனும் அவரால் முறையாக அதிகாரம் பெற்றவரேனும் கையொப்பமிட்ட எழுத்தாதல் வேண்டும். வாதாடுவதற்கு மட்டும் அமர்ந்த வக்கீல் தாக்கல் செய்யும் ஆஜர்க் குறிப்பு அத்தகையதன்று. அதில் இருப்பது வக்கீலின் கையொப்பமே. தம் கையெழுத்தைக் கொண்டு பிறர் மீது கடனை நாட்டுதல் எங்ஙனம் கூடும்?

வக்காலத்தும் பாதிச் சான்றே. யார் அமர்த்தினார் என்பதை அது காட்டும். எத்தொகைக்கு என்பதைக் காட்டாது. நோட்டீசு, பத்திரம், யோசனை ஆகிய கோர்ட்டுக்குப் புறம்பான வேலைகளுக்கோ வழக்கமாக வக்காலத்தே இராது. "என் கட்சிக்காரர் சொற்படி" என்று தொடங்கும் நோட்டீசின் நகல் வக்கீலே எழுதியது. தபால் ரசீதோ எதிராளிக்கு அனுப்பியதையே உரைக்கும். கட்சிக்காரர் எழுதிய கடிதம், வாட்ஸப் செய்தி, முன்பணத்தின் ரசீது, பாங்கிக் கணக்கு, ஒப்படைத்த தஸ்தாவேசுகளுக்கு அவர் கையொப்பமிட்ட ஜாபிதா ஆகியவையே துணைபுரியும்.

அழைத்து வந்த மாமன் "பீஸ் என் பொறுப்பு" என்று சொல்லியிருந்தால் அவர் வெறும் சாட்சியல்லர். வாய்மொழி ஜாமீனும் ஒப்பந்தச் சட்டப்படி செல்லும். ஆனால் அவர் மறுத்தால், ஒருவர் வாய்ச்சொல்லுக்கு மற்றவர் வாய்ச்சொல் எதிர்நிற்கும்.

பீஸ் வரும்வரை கட்டைத் திருப்பித் தரமாட்டேன் என்பது சிலர் கையாளும் உபாயம். அவ்வுரிமை வக்கீலுக்கு இல்லையென்று சுப்ரீம் கோர்ட்டு 2000இல் தீர்ப்பளித்தது. ஆதலின் கட்டைத் திருப்புமுன் நகலும், பெற்றுக்கொண்டதற்கு ரசீதும் வாங்குதல் நன்று. அந்த ரசீதே உறவுக்கு ஒரு சான்றாகும். கிடைக்கும் தொகையில் நூற்றுக்கு இத்தனை என்று பேசுவோர்க்கோ எந்தச் சான்றும் பயன்படாது. அத்தகைய ஒப்பந்தம் செல்லாதென 2017இல் அதே கோர்ட்டு உரைத்துவிட்டது.

கட்சிக்காரராகிய நம்மவர்க்கும் ஒரு சொல். பூர்த்தி செய்யாத வக்காலத்தில் கையொப்பமிடும் வழக்கத்தைக் கைவிடுங்கள். எந்த வழக்கு, எந்தக் கோர்ட்டு என்பது எழுதப்பட்டபின் ஒப்பமிடுங்கள். தொகையைத் தனியே ஒரு தாளில் எழுதி இருவரும் ஒவ்வொரு படி வைத்துக்கொள்ளுங்கள். கொடுக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது கேளுங்கள். தம்பி முறையாகும் வக்கீலிடம் ரசீது கேட்பது அவமதிப்பன்று.

இனி, காலவரை மூன்றாண்டு. "அறுவடை முடியட்டும், தருகிறேன்" என்ற உறவினர் வாய்மொழி அதனை நீட்டாது. அம்மூன்றாண்டு கழியுமுன் கடனை ஒப்புக்கொண்டு அவர் கையொப்பமிட்ட எழுத்து இருந்தால், அந்நாள் தொட்டுப் புதிதாகக் காலம் எண்ணப்படும்.