நொய்யலும் நமது கூலியும்

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் சேர்ந்து நடத்திய கூட்டத்தில் ஆற்றிய உரை)



யானைக்கும் வரையாட்டுக்கும் சர்க்கார் பணம் ஒதுக்க வேண்டும் என்று தொழிலாளர் கூட்டத்தில் பேசினால் சிலருக்குச் சிரிப்பு வரும். "மனுஷனுக்கே கஞ்சிக்கு வழியைக் காணோம், மிருகத்துக்கு என்ன பட்ஜெட்?" என்று கேட்பார்கள். அது வயிறு கேட்கிற கேள்வி. அதற்கு நாம் பதில் சொல்லியாக வேண்டும். பதிலைத் தேடி வெகு தூரம் போக வேண்டியதில்லை. நொய்யல் கரையிலேயே அது கிடக்கிறது.

வெள்ளியங்கிரி மலையில் பிறக்கிற ஆறு நொய்யல். கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் ஜில்லாக்களைக் கடந்து, தன் பெயரையே தாங்கிய ஊரில் காவிரியோடு சேருகிறது. இந்தக் கரையில்தான் பனியன் தொழில் வளர்ந்தது. பனியன் துணிக்குச் சாயம் வேண்டும். சாயம் துணியில் பிடிக்க உப்பு வேண்டும், மூட்டை மூட்டையாக. துணி சாயத்தை எடுத்துக்கொள்ளும். உப்பைத் தண்ணீரோடு விட்டுவிடும். அந்தத் தண்ணீர் எங்கே போயிற்று? ஆற்றுக்குப் போயிற்று.

பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. சுண்ணாம்பும் மற்ற மருந்துகளும் போட்டு நிறத்தை எடுத்தார்கள். பார்ப்பதற்குத் தண்ணீர் தெளிந்துவிட்டது. ஆனால் கரைந்த உப்பு சுண்ணாம்புக்கு மசியுமா? அதைப் பிரிக்க வேறு இயந்திரம் வேண்டும், வேறு செலவு வேண்டும். அந்தச் செலவுதான் வருஷக்கணக்கில் தள்ளிப் போடப்பட்டது.

1992இல் ஒரத்துப்பாளையத்தில் நொய்யலுக்குக் குறுக்கே அணை திறந்தார்கள். பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் பாசனம் தரவேண்டிய அணை அது. என்ன நடந்தது? சாயக் கழிவைத் தேக்கி வைக்கும் தொட்டியாக அது மாறியது. உலகத்தில் விவசாயி எங்கும் "தண்ணீரைத் திறந்து விடு" என்றுதான் கேட்பான். "ஐயா, எங்கள் காட்டுக்கு இந்தத் தண்ணீரை விடாதீர்கள்" என்று கேட்ட விவசாயி நொய்யல் ஆயக்கட்டு விவசாயிதான். தென்னை கருகியது. கிணறு உப்பானது. மாடு வாய் வைக்காத தண்ணீர் அது.

நிலம் தரிசானால் முதலில் வேலை போவது யாருக்கு? களை எடுத்தவளுக்கும், வரப்பு வெட்டியவனுக்கும், கதிர் அறுத்தவர்களுக்கும். பிற்பாடு கோர்ட்டு வழியாக இழப்பீடு கணக்கிட்டார்கள். நிலமுள்ள விவசாயிக்கு அது நியாயமாகச் சேரவேண்டிய பணம். நாம் அதை எதிர்க்கவில்லை. ஆனால் கணக்கு நிலத்தின் பேரில் நடந்தது. பட்டா இல்லாதவனின் பட்டினிக்கு அந்தக் கணக்கில் இடம் எங்கே? அவன் பஸ் ஏறித் திருப்பூருக்கு வந்தான். எந்தத் தண்ணீர் அவன் பிழைப்பைக் கெடுத்ததோ, அந்தத் தண்ணீரை வெளியே விடுகிற பட்டறையிலேயே கூலிக்குச் சேர்ந்தான்.

இதை நன்றாக மனதில் வையுங்கள், தோழர்களே. ஆலைத் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் இரண்டு வேறு ஜாதி மனிதர்கள் என்று பேசுகிறார்களே, இங்கே அவர்கள் பல வீடுகளில் ஒரே கூரையின் கீழ் சாப்பிடுகிறவர்கள்.

2011 ஜனவரியில், கழிவு நீர் ஒரு சொட்டும் வெளியேறாத நிலை வரும் வரை சாய, சலவைப் பட்டறைகள் அனைத்தையும் மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகளில் வேலை நின்றது. ஆயிரக்கணக்கானோர் கூலியின்றி நின்றார்கள். அப்போது தொழிலாளியிடம் வந்து, "உன் சோற்றில் மண்ணைப் போட்டது அந்த விவசாயிதான்" என்று காதில் ஊதினவர்கள் உண்டு. உண்மையில் மண்ணைப் போட்டது யார்? செய்யவேண்டிய செலவை வருஷக்கணக்கில் செய்யாமல் லாபத்தில் சேர்த்துக்கொண்டவர்களும், அதைப் பார்த்துக்கொண்டே அனுமதிச் சீட்டைப் புதுப்பித்துக் கொடுத்தவர்களும்தான்.

அந்த ஆண்டே மாநில சர்க்கார் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் தர முன்வந்தது. உப்பைப் பிரிக்கும் இயந்திரங்கள் வந்தன. பட்டறைகள் படிப்படியாகத் திறந்தன. ஆக, பணமும் இருந்தது, இயந்திரமும் இருந்தது. ஊர் கெட்ட பிறகுதான் இரண்டும் வந்தன. முன்னமே வந்திருந்தால் மண்ணும் பிழைத்திருக்கும், கூலியும் பிழைத்திருக்கும். கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும் என்று 1996இல் வேலூர் தோல் பதனிடும் ஆலைகள் வழக்கிலேயே உச்சநீதிமன்றம் கூறிவிட்டது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சரி, இதில் மிருகமும் பறவையும் எங்கே வந்தன என்று கேட்பீர்கள்.

பவானிக்கும் ஆழியாற்றுக்கும் தாமிரபரணிக்கும் தண்ணீர் தருவது மேற்கு மலைக் காடு. மழை நின்ற பிறகும் மலையிலிருந்து நீர் கசிந்து வருகிறதென்றால், சோலைக் காடும் புல்வெளியும் மழையைப் பிடித்து மெல்ல விடுவதால்தான். அந்தக் காட்டுக்கு விதை போடுகிறவர்கள் யார்? பழத்தைத் தின்று பல மைல் தள்ளி எச்சத்தில் விதைக்கிற இருவாச்சி. நடந்த வழியெல்லாம் சாணியில் விதைத்துப் போகிற யானை. கூலி கேட்காத விவசாயத் தொழிலாளர்கள் என்று இவர்களைச் சொன்னால் மிகையாகாது! இவை அழிந்தால் காடு மெல்ல மெல்ல வெறும் மரக்கூட்டமாகும். பிறகு நம் வாய்க்காலும் வறளும்.

செங்கற்பட்டு ஜில்லாவின் வேடந்தாங்கல் விவசாயிகள் இதைப் படிக்காமலே தெரிந்து வைத்திருந்தார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று கண்டு, வேட்டைக்காரர்களைத் தடுத்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலேயே வெள்ளைக்காரக் கலெக்டரிடம் உத்தரவு வாங்கி வைத்தார்கள். சிவகங்கைச் சீமையில் கொள்ளுக்குடிப்பட்டி ஜனங்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி கொளுத்துவதில்லை. ஏழை ஜனங்கள் தங்கள் பங்கைச் செலுத்திவிட்டார்கள். பாக்கி வைத்திருப்பது கஜானாதான்.

திருப்பூருக்குப் பக்கத்திலேயே நஞ்சராயன் குளம் இருக்கிறது. நொய்யலில் சேரும் நல்லாற்றின் நீர் அதற்கு வருகிறது. இமயத்துக்கு அப்பாலிருந்து வரித்தலை வாத்து அங்கே வந்து இறங்குகிறது. 2022இல் அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். 2024இல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. வரவேற்கிறோம். ஆனால் பலகை நட்டால் தண்ணீர் சுத்தமாகிவிடுமா? வரத்து வாய்க்காலில் சாக்கடை விழாமல் தடுக்க ஆளும் பணமும் வேண்டாமா?

வரையாட்டைக் காக்க 2022இல் மாநில சர்க்கார் ஒரு திட்டம் போட்டது. ஐந்து வருஷத்துக்கு 25 கோடி ரூபாய். வருஷத்துக்கு ஐந்து கோடி. நல்ல காரியம். அதைப் பக்கத்து 200 கோடியோடு வைத்துப் பாருங்கள். கெட்டுப் போன ஒரே ஒரு ஆற்றுக்குப் பின்னால் ஓடியதற்கு ஆன பணம் அது, அதுவும் ஒரு பகுதிதான். இதற்கு மேல் கணக்குப் பாடம் வேண்டுமா?

காட்டைக் காக்கிற ஆள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். வேட்டைத் தடுப்புக் காவலர்கள் என்று இருக்கிறார்கள். அநேகம் பேர் ஆதிவாசி இளைஞர்கள். யானை வழியில் ராத்திரி நடப்பவர்கள், தீயை அணைப்பவர்கள் அவர்களே. அவர்களில் பலர் வருஷக்கணக்கில் தற்காலிகக் கூலிகள். அவர்களை நிரந்தரமாக்கு என்பது காடு காக்கும் கோரிக்கை, தொழிலாளர் கோரிக்கை, இரண்டும்தான். புலியின் பேரைச் சொல்லி ஆதிவாசியைக் காட்டை விட்டு விரட்டினால் அதை நாம் ஏற்க முடியாது. 2006ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம் அவனுக்கு அங்கே உரிமை தந்திருக்கிறது. யானை மிதித்த பயிருக்கு நஷ்டஈடு தரும்போது, அந்த வயலில் வேலையிழந்த கூலியையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். 1974ஆம் வருஷத்து நீர்ச் சட்டத்தை 2024இல் பார்லிமெண்டில் திருத்தினார்கள். முன்பு ஜெயில் தண்டனைக்குரியவையாக இருந்த பல குற்றங்களுக்கு இனி அபராதம் மட்டும். பத்தாயிரம் ரூபாயிலிருந்து பதினைந்து லட்சம் வரை. பெரிய ஆலைக்குப் பதினைந்து லட்சம் ஒரு தண்டனையா? அதையும் ஒரு செலவாக எழுதிவிட்டு வேலையைப் பார்ப்பான். தண்ணீர் மாநிலத்தின் அதிகாரத்தில் உள்ள விஷயம். திருத்தம் முதலில் வந்த மாநிலங்கள் தவிர மற்றவற்றில், சட்டசபை தீர்மானம் போட்டு ஏற்றால்தான் அது செல்லும். ஆகவே ஓட்டுக் கேட்டு வந்த உறுப்பினரிடம் "நீர் எந்தப் பக்கம்?" என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி பகலில் வருவார். குழாய் எந்த ராத்திரி, எந்த மணிக்குத் திறக்கிறது என்று அறிந்தவன் ஷிப்டில் நிற்கிற தொழிலாளிதான். அவன் வாய் திறந்தால் வேலை போகும். ஆகவே புகார் சொன்ன தொழிலாளியை வேலைநீக்கம் செய்ய முடியாதபடி பாதுகாப்பு வேண்டும். கழிவுத் தொட்டியில் இறங்கி விஷவாயுவில் மாண்டவர்களைப் பற்றிப் பத்திரிகையில் படிக்கிறோமே, அந்தத் தொட்டியில் மனிதன் இறங்காமல் இயந்திரம் இறங்க வேண்டும். முனிசிபல் சாக்கடைக்கும் இதையே சொல்கிறோம். நொய்யலைக் கெடுப்பது சாயம் மாத்திரமல்ல, நகரங்களின் சாக்கடையும்தான்.

மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். அன்று கிராம சபை கூடுகிறது. ஆலையில் லீவு சொல்லிவிட்டாவது ஊருக்குப் போங்கள். உங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் எடுத்துக்கொண்டு போய் மேஜை மேல் வையுங்கள். தண்ணீரைப் பரிசோதிக்க வேண்டும், வரத்து வாய்க்காலைக் காக்க வேண்டும், காட்டுக்கும் ஆற்றுக்கும் பட்ஜெட்டில் தனிப்பணம் வேண்டும் என்று தீர்மானம் கேளுங்கள். தீர்மானம் நோட்டில் எழுதப்பட்டதா என்று வாசிக்கச் சொல்லிக் கேட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்திருங்கள். நகல் ஒன்றை நமது சங்க ஆபீசுக்குக் கொண்டு வாருங்கள். எல்லா ஊர்த் தீர்மானங்களையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு நாம் கலெக்டரிடம் போவோம்.