வீடு மாறுவோரும் சுமை தூக்குவோரும்



ஊர் மாறிப் பிழைக்கும் நமக்கு வீடு மாறுவது புதிதன்று. மாற்றல் உத்தரவு கைக்கு வந்துவிட்டால் கட்டில், பீரோ, பாத்திர பண்டங்கள், பிள்ளைகளின் புத்தகங்கள், பாட்டி விட்டுச் சென்ற ஆட்டுக்கல் ஈறாக அனைத்தையும் கட்டி, முன்பின் அறியாத ஊரில் இறக்கியாக வேண்டும். முன்பெல்லாம் இதற்கு ஆள் வேண்டுமானால் அலுவலக நண்பரைக் கேட்போம். அவர் தமக்குப் பழக்கமான லாரி ஆபீஸ் ஒன்றைக் காட்டுவார். இன்றோ கைப்பேசியில் இணையச் சந்தை விரிந்து கிடக்கிறது. சாமான் ஏற்றுவோரும் இறக்குவோரும் அங்கேதான் வேலை தேடுகின்றனர். வீடு மாறுவோரும் அங்கேதான் ஆள் தேடுகின்றனர்.

அச்சந்தையில் இரு வகை உண்டு. ஒரு வகையில், போர்ட்டர் போன்ற செயலிகளில், வண்டியின் அளவையும் போகுமிடத்தையும் குறித்த மாத்திரத்தில் வாடகை தெரிந்துவிடும். அருகிலுள்ள ஓட்டுநர் ஒருவர் அவ்வேலையை ஏற்றுக்கொள்வார். மற்றொரு வகையில் விற்பனையாவது வண்டியும் அன்று, கூலியும் அன்று; நமது விசாரணையே விற்கப்படுகிறது. 'வீடு மாற வேண்டும்' என்று நாம் எழுதிப் போடும் ஒரு வரியை, பணம் கட்டிய பல நிறுவனங்களுக்கு ஒரே நேரத்தில் அனுப்பிவைப்பர். தில்லியிலிருந்து திருவனந்தபுரம் வந்தபொழுது இதை நாமே கண்டோம். படிவத்தை நிரப்பிக் கால் மணி நேரம் ஆவதற்குள் ஏழு பேர் அழைத்துவிட்டனர். ஒருவர் சொன்ன தொகையில் மற்றொருவர் பாதி சொன்னார். பாதி சொன்னவரைக் கண்டு மகிழ்வதற்கு ஒன்றுமில்லை. விசாரணைக்குக் காசு கொடுத்து, வேலையைப் பிடிக்க விலையையும் தாழ்த்திக்கொண்டவர், அந்தக் குறையை எங்கேனும் ஈடுகட்டியாக வேண்டும். சாமான் வழியில் நிற்கும்பொழுது 'இன்னும் இவ்வளவு தந்தால்தான் வண்டி நகரும்' என்ற பேச்சு பிறப்பது இவ்விடத்திலேதான். இப்படி அகப்பட்டுத் தவித்தவர்கள் நாடெங்கும் உண்டு.

வண்டிக்காரர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. நாகர்கோவிலிலிருந்து சரக்கேற்றித் திருவனந்தபுரம் வரும் டெம்போ, திரும்பும்பொழுது வெறுமனே ஓடினால் டீசல் நஷ்டம். அந்தத் திரும்புகால் லோடைத் தேடித் தருவதில் இணையச் சந்தைக்கு இணையில்லை. சாலைக் கம்போளத்து ஓரத்தில் வண்டியை நிறுத்திவிட்டுத் தரகர் வரும்வரை காத்துக் கிடந்த நிலை இதனால் ஓரளவு மாறியிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் கைப்பேசியில் முடிந்த பேரம் வீட்டு வாசலில் முடிந்துவிடுவதில்லை. கேரளத்திற்குப் புதிதாக வரும் தமிழர் பலர் திகைத்து நிற்பது இங்கேதான். வண்டி வந்து நின்றதும் அவ்வட்டாரத்துச் சுமட்டுத் தொழிலாளர் வந்து, 'இறக்கும் வேலை எங்களுடையது' என்பர். இது வெறும் அடாவடி என்று எண்ணிவிடலாகாது. இதற்குப் பின்னே ஒரு சட்டம் நிற்கிறது. 1978ஆம் ஆண்டின் கேரளச் சுமட்டுத் தொழிலாளர் சட்டமும், அதன் கீழ் 1983இல் வந்த திட்டமும், சுமை தூக்குவோரைப் பதிவு செய்து, அட்டை கொடுத்து, பகுதி பகுதியாக வேலையைப் பங்கிட்டன. மொழிபெயர்ப்பாளர் வழக்கப்படி ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லிக்கொள்கிறோம்: மலையாளத்துச் 'சுமடு' நமது சுமைதான். சுமையைத் தாங்கத் தலையில் சுருட்டி வைக்கும் துணியை நாம் சும்மாடு என்கிறோம். சொல் அளவில் அயலார் எவருமில்லை.

'நோக்குக்கூலி' என்ற சொல்லும் அப்படியே. நமக்கு நோக்குதல் இலக்கியச் சொல். இங்கு அது அன்றாடப் பேச்சு. பிறர் இறக்கும் சுமையைப் பார்த்துக்கொண்டு நின்றதற்காகக் கேட்கும் கூலி அது. 2018ஆம் ஆண்டு மே முதல் தேதியிலிருந்து கேரள அரசு அதைத் தடை செய்தது. ஆயினும் 2021 செப்டம்பரில், இந்நகரத்துத் தும்பாவில், விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்திற்கு வந்த பெரும் இயந்திரச் சரக்கை வழிமறித்து நோக்குக்கூலி கேட்டனர். மனிதத் தலை எதுவும் தாங்க இயலாத சுமை. பொறிகளைக் கொண்டே இறக்க வேண்டியது. அவ்வாண்டே கேரள உயர் நீதிமன்றம் இவ்வழக்கத்தை மிகக் கடுமையாகக் கண்டித்தது. நோக்குக்கூலி கேட்பவர்மீது போலீசில் முறையிடலாம். தொழிலாளர் துறையிடமும் முறையிடலாம்.

நோக்குக்கூலியைக் கண்டிக்கும் வேகத்தில் சட்டத்தையே இகழ்வோர் உளர். நாம் அவர்களோடு சேர மாட்டோம். முதுகு வளைந்தபின் கேட்பாரற்றுக் கிடந்த ஒரு கூட்டத்திற்கு ஓய்வூதியமும் மருத்துவ உதவியும் பண்டிகைக் காலத் தொகையும் கிடைக்க வழி செய்தது அச்சட்டம். 75 கிலோவாக இருந்த தலைச்சுமையின் உச்ச எடையை 55 கிலோவாகக் குறைக்கவும் கேரள அரசு பிற்காலத்தில் முடிவு செய்தது. செயலி அனுப்பும் இளைஞனின் தலையில் எத்தனை கிலோ ஏறலாம் என்று அச்செயலியில் எங்கும் எழுதியிருக்கவில்லை. மூன்றாம் மாடிக்குக் குளிர்சாதனப் பெட்டியை ஏற்றும்பொழுது கால் இடறினால், அவனுக்குக் கிடைப்பது நாம் கொடுக்கும் மதிப்பெண் மட்டுமே.

சட்டத்தில் நமக்குரிய ஓர் இடமும் இருக்கிறது. சுமட்டுத் தொழிலாளர் யார் என்று வரையறுக்கும் பிரிவிலேயே, தனி நபர் ஒருவர் தம் வீட்டுத் தேவைக்காக அமர்த்திய ஆள் அதில் அடங்கமாட்டார் என்று சொல்லப்பட்டிருக்கிறது. நம் வீட்டுச் சாமானை நாமும் நம் உறவினரும், நாமே அமர்த்திய ஆளும் இறக்கலாம் என்பது இதன் பொருள். 1978இல் இவ்வரியை எழுதியவர்களின் கண்முன் இருந்தது, தெருமுனையில் நின்ற இருவரை அழைத்து வரும் குடும்பத் தலைவர். இன்று நாம் செயலியைத் தொடுகிறோம். ஆளை அனுப்புவது எங்கோ இருக்கும் நிறுவனம். அமர்த்தியவர் யார், நாமா, நிறுவனமா? வாசலில் எழும் சச்சரவுகள் பலவற்றிற்கு வேர் இக்கேள்வியே. நம் சொந்தக் கருத்து, ஓட்டுநரையும் அவருடன் வந்த உதவியாளரையும் மட்டும் நம்பி வராமல், கனமான சாமானுக்கு அப்பகுதித் தொழிலாளரையே முறைப்படி அழைப்பது நல்லது என்பதாகும். பீரோவை வளைந்த படிக்கட்டில் திருப்பும் வித்தை அவர்களுக்குக் கைவந்தது. கூலி விகிதப் பட்டியல்களைத் தொழிலாளர் துறை வெளியிடுகிறது. அதைக் கேட்டு அறிந்துகொண்டு பேசினால் குரல் உயர்த்த வேண்டியிராது. கொடுத்த கூலிக்கு ரசீது கேட்கவும் தயங்க வேண்டாம்.

செயலியின் வழியே வேலை தேடும் நம் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, இத்தகைய இணையத்தளத் தொழிலாளர்க்கு முதன்முறையாகச் சட்டத்தில் ஒரு பெயர் கொடுத்தது. 2025 நவம்பர் 21 அன்று அது நடைமுறைக்கு வந்தது. செயலி நடத்தும் நிறுவனங்கள் தம் ஆண்டு வருவாயில் நூற்றுக்கு ஒன்றிலிருந்து இரண்டு வரை இவர்களின் நலனுக்காகச் செலுத்த வேண்டும் என்று அது விதிக்கிறது. 2021இல் தொடங்கிய இ-ஷ்ரம் பதிவேட்டில் பெயர் பதிந்துகொள்ளக் கட்டணமில்லை. ஆதார் எண் வேண்டும். தமிழ்நாட்டில் பிறந்து கேரளத்தில் வண்டி ஓட்டுபவரும் பதிந்துகொள்ளலாம்.

நெடுந்தூரம் சாமான் அனுப்புவோர் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். சாலை வழிச் சரக்குப் போக்குவரத்துக்கு 2007ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றுண்டு. அதன் விதிகளின்படி, கூடுதல் பொறுப்புக்கு என்று தனிக் கட்டணம் கட்டாவிட்டால், சாமான் உடைந்தாலும் தொலைந்தாலும் ஈடு, வாடகையின் பத்து மடங்கைத் தாண்டாது. வாடகை 12,000 ரூபாய் என்றால் உச்சவரம்பு 1,20,000 ரூபாய். ரசீதில் உண்மையான வாடகையைக் குறைத்து எழுதச் சம்மதிப்பவர், தம் ஈட்டுத் தொகையையும் தாமே குறைத்துக்கொள்கிறார். வழக்குத் தொடர வேண்டுமானால், சரக்கைப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும். ஆகவே ஏற்றுமுன் சாமான் ஒவ்வொன்றையும் படம் எடுத்து, பட்டியலில் ஓட்டுநரின் கையெழுத்தைப் பெற்றுக்கொள்க. முழுத் தொகையையும் முன்னதாக அனுப்பிவிட வேண்டாம். ஏமாற்றம் நேர்ந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.