கொப்பியை மூட விடாதீர்கள்

(யூபிலிக் கலைவிழாவைத் தொடக்கி வைத்துப் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



நமது ஆலயத்தின் யூபிலியை முன்னிட்டு, இம் மன்னார் மண்ணின் புலவர்களையும் கலைஞர்களையும் கௌரவிக்கக் கூடியிருக்கின்றோம். பொன்னாடைகள் ஆயத்தமாயிருக்கின்றன. அவற்றைப் போர்த்துமுன் என் குற்றமொன்றை உங்கள் முன் அறிக்கையிட விரும்புகின்றேன்.

நான் குருவான புதிதில் வேறொரு பங்கில் உதவிக் குருவாயிருந்தேன். அங்கே திருநாளையொட்டி விடிய விடிய நாடகம் ஆடுவது வழக்கம். "இந்தக் காலத்தில் விடியும்வரை யார் இருப்பார்கள்? இரண்டு மணித்தியாலத்தில் முடியுங்கள்" என்று முதிய அண்ணாவியாரிடம் கூறினேன். "சரி சுவாமி" என்றார், கொப்பியை மூடினார். அடுத்த வருடம் நாடகம் இல்லை. சில வருடங்களில் அவரும் இறைபதமடைந்தார். கொப்பி இருக்கின்றது, மெட்டுகள் அவரோடு போய்விட்டன.

நெடிய நாடகத்தை ஓரிரவில் ஆடத்தக்க வாசாப்பாகச் சுருக்கியவர்களும் நம் முன்னோர்தாம். ஆகவே, சுருக்கச் சொன்னதன்று என் பிழை. எதை விடலாம், எதை விடலாகாது என்று அறிந்தவரிடம் கேளாமல் கட்டளையிட்டதே பிழை.

நம் நாடகங்களின் அருமையைப் பிறர் அறிந்திருந்தனர். நமது மறையைச் சாராத பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் 1964இல் 'என்றீக்கு எம்பரதோர்' நாடகத்தையும், 1966இல் 'மூவிராசாக்கள்' நாடகத்தையும் பதிப்பித்தார். அச்சேறியவை பிழைத்தன. அச்சேறாதவற்றில் எத்தனை கறையானுக்கும் இடப்பெயர்வுகளுக்கும் இரையாயின என்பதை உங்கள் வீட்டுப் பெட்டகங்களே சொல்லும்.

அச்சு மட்டும் போதுமா? போதாது. வடபாங்கு, தென்பாங்கு என்று நாம் பிரித்துச் சொல்வது ராகத்தையும் ஆடும் முறையையும் வைத்தல்லவா? அவற்றை எந்தப் புத்தகமும் முழுமையாய்த் தராது. அண்ணாவியாரின் வாயிலிருந்து பிள்ளையின் காதுக்கு வரவேண்டும்.

ஆதலால், இந்த யூபிலி ஆண்டில் மூன்று காரியம் கேட்கின்றேன். வீட்டிலுள்ள பழைய கொப்பிகளைப் பங்குமனைக்குக் கொண்டுவாருங்கள். படியெடுத்துத் திருப்பித் தருவோம். இளைஞரே, உங்கள் கைத்தொலைபேசியில் பாட்டன், பாட்டியின் பாட்டைப் பதிவுசெய்யுங்கள். வாரத்தில் ஒரு மாலை இந்த மண்டபத்தில் அண்ணாவிமாரிடம் பழகுங்கள்.

அண்ணாவிமார்களே, எத்தனை மணித்தியாலம் வேண்டுமென்று இம்முறை நீங்கள் சொல்லுங்கள். நான் முன்வரிசையில், விடியும்வரை இருப்பேன்.

தாலந்தைப் புதைத்த ஊழியனின் நிலை நமக்கு வராதபடி இறைவன் நம்மைக் காப்பாராக. விழா இனிதே தொடங்கட்டும்!